பற்றரிக்கு யார் பொறுப்பு?

எமது கிராமங்களில் இன்வேட்டர் இப்போது புதினமான பொருள் அல்ல. முன்னர் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் வசதி படைத்தோர் வீடுகளிலும் மட்டுமே காணப்பட்ட இந்தப் பெட்டி, 2022 ஆம் ஆண்டின் மின்வெட்டுக்குப் பின்னர் முன்பள்ளிகளுக்கும், பங்கு மண்டபங்களுக்கும், தையல் தொழில் செய்யும் பெண்களின் வீடுகளுக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுள்ள சாதாரண குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. கடன்பட்டும், நகையை ஈடு வைத்தும், வெளிநாட்டு உறவினரிடம் கேட்டும் இதனை வாங்கியவர்கள் பலர். உதவி நிறுவனங்களிடமிருந்து இலவசமாகப் பெற்ற நிலையங்களும் உண்டு.

வாங்கிய கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அதன் பின் நடந்ததையே நாம் இங்கு பேச விரும்புகிறோம். ஒன்றரை வருடம், கூடினால் இரண்டு வருடம். அதன் பின் மின்சாரம் நின்றதும் பத்து நிமிடத்தில் இன்வேட்டர் கத்தத் தொடங்குகிறது, விளக்கு மங்குகிறது. "பற்றரி போய்விட்டது" என்கிறார்கள். ஏதோ வயது முதிர்ந்த ஒருவர் காலமானதைப் போலச் சொல்கிறார்கள். ஆனால் ஒழுங்காகப் பேணப்படும் ஒரு இன்வேட்டர் பற்றரி நான்கைந்து வருடங்கள் உழைக்கக் கூடியது. எமது ஊர்களில் ஓய்ந்து கிடக்கும் பற்றரிகளில் பெரும்பாலானவை வயது முடிந்து போனவை அல்ல. இடையில் சாகடிக்கப்பட்டவை என்பதே எமது கருத்து. இதற்கு வீட்டுக்காரரின் அசட்டையை மட்டும் குறை கூற நாம் தயாரில்லை. விற்றவர் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்தவர் அதைப் பற்றி நினைக்கவில்லை. பெற்ற இடத்தில் இது இன்னாருடைய பொறுப்பு என்று எவரும் குறிக்கப்படவில்லை.

வடபகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இதில் ஒரு விசித்திரம் தெரியும். 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வருடங்களாக மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிகள் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை அது. ரோச் பற்றரியை வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் பாவித்த தலைமுறையும் அதுவே. ஜாம் போத்தல் விளக்கில் படித்து அவர்கள் பல்கலைக்கழகம் சென்றார்கள். அன்று ஒரு பற்றரி கையில் கிடைத்திருந்தால் அதைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்திருப்பார்கள். இன்று அதே தலைமுறையின் வீட்டு மூலையில், அரிசி மூட்டைக்கும் பழைய பத்திரிகைக் கட்டுக்கும் இடையில், தண்ணீர் வற்றிய பற்றரி ஒன்று தவித்துக் கொண்டிருக்கிறது. கிடைப்பது இலகுவானதும் பேணும் பழக்கம் போய்விட்டது.

நாட்டின் ஏனைய பகுதிகளுக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. மின்கம்பி எட்டாத கிராமங்களில், கார் பற்றரியைச் சைக்கிளில் கட்டி, மைல் கணக்கில் கொண்டு சென்று சாஜ் செய்து வந்து தொலைக்காட்சி பார்த்த காலம் ஒன்று இருந்தது. பின்னர் 1997 இலும், தொடர்ந்து 2002 இலும் ஆரம்பித்த உலக வங்கியின் உதவித் திட்டங்களின் கீழ், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமிய வீடுகளுக்குச் சிறிய சூரியத் தகடுகள் கடன் அடிப்படையில் சென்றன. பயனில்லை என்று சொல்ல மாட்டோம். மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து பல பிள்ளைகளின் கண்கள் தப்பின. ஆயினும் கூரையில் இருந்த தகடு இருபது வருடம் உழைக்கக் கூடியது. கீழே இருந்த பற்றரியோ சில வருடத்தில் மாற்ற வேண்டியது. அந்த இரண்டாவது பற்றரிக்கான பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி பல வீடுகளில் கேட்கப்படவே இல்லை. அதே கேள்விதான் இன்றும் எம் முன்னால் நிற்கிறது.

எமக்குத் தெரிந்த ஒரு முன்பள்ளியை இங்கு குறிப்பிடலாம். உதவி நிறுவனம் ஒன்று இன்வேட்டரும் இரண்டு பற்றரிகளும் வழங்கியது. கையளிப்பு விழா நடந்தது, மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். கூடவே வந்த கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அது அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டது. பற்றரியின் மேலே ஆறு மூடிகள் இருப்பதும், அவற்றைத் திறந்து தண்ணீர் பார்க்க வேண்டும் என்பதும் அங்கிருந்த ஆசிரியைக்கு ஒருவராலும் கூறப்படவில்லை. பதினெட்டாவது மாதத்தில் இரண்டு பற்றரிகளும் முடிந்தன. நிறுவனத்திடம் கேட்டபோது, "திட்டம் நிறைவடைந்துவிட்டது, பராமரிப்புக்கு நிதி ஒதுக்கப்படவில்லை" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பொய் இல்லை. பராமரிப்புக்கு நிதி ஒதுக்காமலேயே திட்டம் நிறைவடைந்ததாகக் கருதப்பட்டதுதான் எமக்குள்ள முறைப்பாடு.

பற்றரிக்குள்ளே நடப்பதைச் சற்று விளங்கிக் கொண்டால் மீதி தானாக விளங்கும். 12 வோல்ற் பற்றரி ஒன்றில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், ஐதான சல்பூரிக் அமிலத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் வெளியேறும்போது தகட்டின் மேல் ஈய சல்பேற்று படிகிறது. மீண்டும் சாஜ் செய்யும்போது அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. சாஜ் இறங்கிய பற்றரியை அப்படியே நாட்கணக்கில் விட்டால் அந்தப் படிவு கட்டியாக இறுகி, பின்னர் கரைய மறுக்கிறது. வயலில் களையை உரிய நாளில் பிடுங்காவிட்டால் என்ன நேரும் என்று எமது விவசாயிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2022 இல் வாங்கிய பற்றரிகள் பல சீக்கிரம் ஓய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறோம். 100 அம்பியர் மணித்தியாலப் பற்றரி ஒன்று முற்றாக இறங்கினால், 10 அம்பியர் வீதத்தில் அது நிரம்ப 10 முதல் 12 மணித்தியாலம் வேண்டும். மின்சாரமே துண்டு துண்டாக வந்த அந்த நாட்களில் பற்றரி ஒருநாளும் வயிறு நிறையச் சாப்பிடவில்லை.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எமது பகுதியில் அதிக பற்றரிகள் அழிகின்றன. ஆதலால் சற்று விரிவாகவே கூறுகிறோம். சாஜ் ஆகும்போது அறைகளிலுள்ள தண்ணீரில் ஒரு பகுதி ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. அமிலம் உள்ளேயே நிற்கிறது. ஆகவே குறைவது தண்ணீர் மட்டுமே. விட வேண்டியதும் தண்ணீர் மட்டுமே. அமிலம் ஒருபோதும் விடக் கூடாது. கடையில் "பற்றரிக்கு விடுவது ஒரு போத்தல் தாருங்கள்" என்று கேட்டால், சில வேளை அசிற் போத்தலை எடுத்துத் தருவார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீர் என்று தெளிவாகக் கேளுங்கள், ஒட்டியிருக்கும் துண்டையும் வாசியுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்காமலே விடுபவர்கள் அதிலும் அதிகம். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் வெட்டப்பட்டவை. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கு படிந்திருக்கும் வெண்மை எங்கிருந்து வந்தது? அதே கல்லும் உப்பும் பற்றரிக்குள்ளும் போகின்றன. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் உதவாது, ஏனெனில் கொதிக்கும்போது கிருமிதான் சாகும், கரைந்த உப்பு சாகாது. குடிப்பதற்கென்று போத்தலில் விற்கும் தண்ணீரிலும் உப்புக்கள் உண்டு. குளிரூட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சேர்த்து விடும் வழக்கத்தையும் சில இடங்களில் கண்டோம். அது செப்புக் குழாய்களின் அழுக்கோடும் தூசியோடும் வருவது. காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தலின் விலையையும் புதுப் பற்றரியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இந்தச் சிக்கனத்தின் இலட்சணம் புரியும்.

விடும் முறைக்கும் நேரம் காலம் உண்டு. பற்றரி நன்றாகச் சாஜ் ஆகிய பின்னரே தண்ணீர் விட வேண்டும். சாஜ் ஆகும்போது கரைசல் பருத்து மேலெழும், முன்னரே நிரப்பியிருந்தால் அமிலம் வழிந்து நிலத்தில் கொட்டும். தகடுகள் வெளியே தெரியுமளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் விட்டு, சாஜ் செய்து, பின்னர் அளவைச் சரி செய்யலாம். மிதவைக் குச்சி உள்ள பற்றரிகளில் குறி காட்டும் அளவே போதும். அது இல்லாதவற்றில் தகட்டுக்கு மேல் ஒரு விரல் அகலம் நின்றால் போதுமானது. மாதம் ஒரு முறை பார்ப்பது நல்லது. ஆறு அறைகளில் ஐந்தில் சமனாகக் குறைந்து, ஒன்றில் மட்டும் விரைவாக வற்றினால் அந்த அறையில் நோய் இருக்கிறது. எல்லா அறைகளும் வாரத்துக்கு வாரம் வற்றினால் குற்றம் பற்றரியில் அல்ல, இன்வேட்டரின் சாஜரில். மின்சாரத்தை அளவுக்கு மீறித் திணிக்கிறது. தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சாஜ் வோல்ற் அளவைச் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் விடத் தேவையில்லாத மூடிய பற்றரிகளும் உண்டு. அவற்றின் மூடியைக் குத்தித் திறக்க முயலாதீர்கள்.

இங்கே எமது மாதர் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பற்றரி என்றாலே அது ஆண்களின் வேலை என்று ஒதுங்கும் வழக்கம் எமது வீடுகளில் உண்டு. ஆனால் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருப்பார், அல்லது கொழும்பில், அல்லது கட்டாரில். குடும்பத்தின் முழுப் பாரத்தையும் தனியே சுமக்கும் பெண்கள் எமது மாவட்டங்களில் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்குத் தெரியாத ஒரு வேலையை வீட்டில் வைத்துவிட்டு வேறு எவர் செய்வார் என்று எதிர்பார்ப்பது? மா புளிக்க வைக்கும் பக்குவமும் குழந்தையின் காய்ச்சலைக் கையால் அறியும் பக்குவமும் உள்ளவர்களுக்கு இது ஒரு பாரமல்ல. அரை நாள் போதும். கிளினிக்கில் தரும் பிள்ளையின் வளர்ச்சி அட்டையைப் போல ஒரு அட்டையைப் பற்றரிக்கு மேலே தொங்கவிட்டு, தண்ணீர் விட்ட திகதியையும் வோல்ற் அளவையும் குறித்து வந்தால் ஒரு வருடத்தில் அந்தப் பற்றரியின் சரித்திரமே கையில் இருக்கும். உத்தரவாதக் காலத்துக்குள் பழுதடைந்தால், விற்றவரோடு வாதாடவும் அந்த அட்டை உதவும்.

வோல்ற் அளப்பதற்குச் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். சாஜும் இல்லாமல் பாவனையும் இல்லாமல் சில மணித்தியாலம் ஓய்ந்திருக்கும் பற்றரியில் 12.6 அல்லது 12.7 காட்டினால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12 க்குக் கீழே போயிருந்தால் உடனே சாஜ் செய்ய வேண்டும். சாதாரண இன்வேட்டர்கள் 10.5 வோல்ற் அளவில்தான் தாமாக நிற்கும். அது கத்தி நிற்கும் வரை பாவிப்பது, மாடு விழும் வரை ஏர் பூட்டுவதற்குச் சமம். பாதிக்கு மேல் இறக்காமல் பாவித்தால் பற்றரியின் ஆயுள் கணிசமாக நீளும்.

பாதி என்றால் எவ்வளவு நேரம்? கணக்கு எளிது. 12 வோல்ற், 100 அம்பியர் மணித்தியாலப் பற்றரியில் 1,200 வாற் மணித்தியாலம் உண்டு. பாதி 600. இன்வேட்டர் தன் பங்குக்கு எடுப்பது போக, கைக்கு வருவது சுமார் 500. ஒரு மின்விசிறிக்கு 75 வாற், 9 வாற் விளக்குகள் மூன்று, இணையப் பெட்டிக்கு 10, ஆக ஏறக்குறைய 110 வாற் என்றால் நான்கரை மணித்தியாலம் ஓடும். ஒரு பிள்ளை படிக்க, ஒரு கிழவி நித்திரை கொள்ள அது தாராளம். ஆனால் 600 வாற் சோற்றுக் குக்கரைச் செருகினால் பற்றரியிலிருந்து 50 அம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வேகத்தில் இழுக்கும்போது பற்றரி தன் கொள்ளளவையே முழுதாகத் தராது. மின்னழுத்தியையும் தண்ணீர்க் கேத்தலையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்வேட்டருக்கென்று தனி வயரில் சில பிளக்குகளை மட்டும் பிரித்து, அவற்றுக்குச் சிவப்பு அடையாளம் இட்டு விடுவதே சண்டையற்ற வழி. "மாமி வந்து அயன் பண்ணிவிட்டார்" என்ற வழக்கு அதன் பிறகு எழாது. இன்னொன்று: வாகன பற்றரியை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி இன்வேட்டரில் பூட்டுவதும் நட்டமே. அது இயந்திரத்தை ஸ்ராட் செய்வதற்காகச் சில கணம் பெரும் மின்சாரம் தரும்படி மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. மணிக்கணக்கில் மெதுவாக இறக்குவதை அது தாங்காது.

வெப்பமும் ஒரு மௌனக் கொலைகாரன். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை வெப்பத்துக்கும் பற்றரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது என்பது தொழில் தெரிந்தோரின் பொதுக் கணக்கு. மன்னாரிலோ வவுனியாவிலோ தகரக் கூரையின் கீழ், மேற்கு வெயில் படும் சுவரோடு வைத்த பற்றரிக்கு நுவரெலியாப் பற்றரியின் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. வீட்டில் குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள மூலை எது என்று பூனைக்குத் தெரியும்; அது மதியம் படுக்கும் இடத்தில் வைக்கலாம்.

காற்றோட்டம் வெப்பத்துக்காக மட்டுமல்ல. சாஜ் ஆகும்போது எழும் ஐதரசன், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே வெடிக்கக் கூடியது. பற்றரியை அலுமாரிக்குள் பூட்டி வைப்பதும், அதற்கு மேல் தட்டில் விளக்கோ மெழுகுதிரியோ ஏற்றுவதும், பக்கத்தில் நின்று சுருட்டுப் பற்றுவதும் விளையாட்டல்ல. மூடி திறந்து தண்ணீர் பார்க்கும்போது தீக்குச்சி வெளிச்சத்தில் பார்க்க வேண்டாம், ரோச் பிடியுங்கள். பற்றரியில் கை வைக்குமுன் வளையல், மோதிரம், மணிக்கூடு கழற்றி வைக்கப்பட வேண்டும். 12 வோல்ற் ஆளை அடிக்காது என்பது சரிதான். ஆனால் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால், பாயும் மின்சாரம் இரும்பையே பழுக்க வைக்கும். ஆகவேதான் நேர் முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் இருக்க வேண்டும் என்கிறோம். எமது வீடுகளில் பூட்டப்பட்டவற்றில் எத்தனையில் அது இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் படிவை, இன்வேட்டரை நிறுத்தி வயர்களைக் கழற்றிய பின், அப்பச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, கரைசல் அறைகளுக்குள் போகாமல் பார்த்து, துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே வசிலின் பூசினால் போதும். அமிலம் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிக் கொண்டே இருக்க வேண்டும். வைத்தியசாலைக்குப் போவது அதன் பிறகு.

ஒரு விடயத்தில் நாம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. இன்வேட்டரில் இருந்து வரும் வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கும் தந்திரம் சில இடங்களில் கெட்டித்தனமாகக் கருதப்படுகிறது. மெயின் சுவிச்சை நிறுத்த மறந்தால் அந்த மின்சாரம் வெளியே வீதிக் கம்பிக்குச் செல்கிறது. ட்ரான்ஸ்போமரைப் பின்பக்கமாகக் கடந்தால் ஆயிரக்கணக்கான வோல்ற் ஆகிறது. லைன் நின்றுவிட்டது என்று நம்பி, மழையில் நனைந்தபடி கம்பத்தில் ஏறி நிற்பவர் ஒரு தாயின் பிள்ளை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசிய பின்னர் மின்சாரத்தை மீளக் கொண்டு வர நாட்கணக்கில் உழைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். முறையான மாற்று ஆளி பூட்டாத வீட்டில் இன்வேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைக்கவே கூடாது. எர்த் வயரும் ட்ரிப் சுவிச்சும் இன்வேட்டரில் ஓடும் போதும் வேலை செய்கின்றனவா என்று மின்னியலாளர் பார்த்துத் தர வேண்டும். சித்திரை மாதத்திலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழக்கம் கேட்டதும் இன்வேட்டரின் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுவது, தொலைக்காட்சியைக் கழற்றுவது போல வழக்கமாக வேண்டும்.

கூரையில் சூரியத் தகடு பூட்டியவர்கள் தமக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று எண்ணியிருந்தார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஞாயிறு முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கின் மேல் பழி போடப்பட்டது. நல்ல வெயில், ஆயினும் தகடு உள்ள வீடுகளிலும் மின்விசிறி நின்றது. 2016 இல் அரசு ஆரம்பித்த சூரிய பல சங்கிராமய திட்டத்தின் பின்னர் பூட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை பற்றரி இல்லாதவை. வெளிக் கம்பியில் மின்சாரம் இல்லாவிட்டால் அவை தாமாகவே நின்றுவிடும். அதுவும் கம்பத்தில் ஏறுபவரைக் காக்கவே. ஆகத் தகடு இருந்தாலும் இருளுக்குத் துணை பற்றரிதான்.

இலித்தியம் பற்றரிகள் வந்துவிட்டனவே, இனித் தண்ணீர்க் கதை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இலித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகை உண்மையில் நல்லது. தண்ணீர் வேண்டாம், பாதிக்கு மேல் இறக்கலாம், வருடங்களும் கூட. வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் ஈயப் பற்றரிக்கென்று செய்த பழைய இன்வேட்டரின் சாஜர் அதற்குப் பொருந்துமா என்று முதலில் கேட்க வேண்டும். பழைய மடிக்கணினிக் கலங்களைப் பொறுக்கிக் கட்டி மலிவாக விற்பவற்றை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். அவை பற்றினால் அணைப்பது மிகவும் கடினம். எப்படியிருந்தாலும் எமது ஏழைக் குடும்பங்களிடம் இன்று இருப்பது ஈயப் பற்றரியே. இருப்பதைக் காப்பாற்றுவது பற்றியே எமது பேச்சு.

எனவே உதவி வழங்கும் நிறுவனங்களிடமும், எமது திருச்சபையின் சமூக சேவை அலுவலகங்கள் உட்பட, நாம் கேட்பது இதுதான். இன்வேட்டருக்கான விண்ணப்பத்தில் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் அவருக்கு மாற்றாக இன்னொருவரின் பெயரும் இல்லாவிட்டால் பொருளைக் கொடுக்காதீர்கள். ஒரு மல்ரிமீற்றர், ஒரு வருடத்துக்கான காய்ச்சி வடித்த தண்ணீர், தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள், அரை நாள் பயிற்சி, ஆறு மாதத்தின் பின் ஒரு வருகை, இவை பெட்டியோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டியவை. பத்து நிலையங்களுக்குக் கொடுக்க இருக்கும் பணத்தில் இவற்றுக்காக ஒன்பதுக்கு மட்டுமே கொடுக்க நேர்ந்தால் நாம் ஒன்பதையே தெரிவோம். பெறுகின்ற சங்கமும் சும்மா இருக்க முடியாது. மாதாமாதம் ஒரு சிறு தொகையை அடுத்த பற்றரிக்கென்று தனியே வைக்காத சங்கம், இன்னும் நான்கு வருடத்தில் மீண்டும் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நிற்கும். எமது மேசைக்கே அப்படியான விண்ணப்பங்கள் வருகின்றன. முதல் பற்றரி எப்படி முடிந்தது என்று அவற்றில் ஒருவரும் எழுதுவதில்லை.

முடிந்த பற்றரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பிள்ளைகளின் உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைக் கெடுப்பது, கெட்டது திரும்புவதில்லை. பழைய இரும்பு வாங்க வருபவர் சிலர், பாரம் குறையட்டும் என்று அமிலத்தை வேலியோரத்தில் கவிழ்த்துவிட்டு வெறும் பெட்டியை ஏற்றிச் செல்கிறார்கள். சுண்ணாம்புக் கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே கிணற்றுக்குப் போவதற்கு அதிக தூரம் இல்லை. வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பதற்காகத் தகடுகளை அடுப்பில் உருக்குவது இன்னும் மோசம். அந்தப் புகை அடுப்படியில் நிற்கும் பிள்ளைக்குத்தான் முதலில் போகிறது.

புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக் கொள்வது தனி வீட்டுக்குச் சுலபமான வழி. சங்கங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஊரில் ஓய்ந்த பற்றரிகளை அமிலத்தோடு, நிமிர்த்தியபடி, மூடி கழற்றாமல், பிள்ளைகள் எட்டாத கூரையுள்ள இடத்தில் சேர்த்து வைத்து, மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப் பத்திரம் உள்ள கொள்வனவாளர் ஒருவரை வரவழைத்து மொத்தமாக நிறுத்துக் கொடுக்கலாம். ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. அந்தப் பணத்தைச் சங்கத்தின் பற்றரிக் கணக்கில் வரவு வைத்தால், முதல் வருடத்துத் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் மல்ரிமீற்றருக்கும் அதுவே காணும்.